பாவம், நடுவர்!

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று சொல்லுவார்கள். அந்த மத்தளமாவது மேடையில் வைத்த இடத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டே, எழுபது நிமிஷம் மூச்சு வாங்க ஓடவும் வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அயர்லாந்து தேசத்தில் அப்படி ஓர் உத்தியோகம் இருக்கிறது. உத்தியோகம் என்று ஒரு மரியாதைக்குத்தான் சொல்கிறேன். சம்பளம் கிடையாது.

கேலிக் கால்பந்து என்னும் ஆட்டத்துக்கு நடுவராக இருப்பதுதான் அந்தத் தொண்டு. பெயரிலேயே கேலி இருக்கிறதே என்று நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்து மக்களின் பூர்விக மொழிக்கும் கலாசாரத்துக்கும் கேலிக் என்று பெயர். ஆனாலும் நடுவரைப் பொறுத்தவரையில் நம் தமிழ் அர்த்தம் அப்படியொன்றும் பொருந்தாமல் போய்விடவில்லை.

2025-ஆம் வருஷம் கோடையில் டப்ளின் நகரத்துக்கு அருகே என் சித்தி பெண் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவள் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய பிள்ளைக்கு 12 வயது. ஊர்ச் சங்கத்தில் கேலிக் ஆடுகிறான். சாப்பாட்டு மேஜையின் மேல் எனக்கு இந்த ஆட்டத்தைப் போதித்த ஆசான் அவன்தான்.

"பெரியம்மா, இந்த ரசச் சொம்புதான் கோல்" என்று ஆரம்பித்தான். தம்ளர்கள் எல்லாம் ஆட்டக்காரர்கள். உப்பு ஜாடி நடுவர். உப்பு கூடினாலும் வசவு, குறைந்தாலும் வசவு என்பதை யோசித்துத்தான் அதை அங்கே வைத்தானோ, அல்லது கைக்கு அகப்பட்டதை வைத்தானோ, தெரியவில்லை.

அவன் சொன்னதன் சாரம் இது. கட்சிக்கு 15 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம், முஷ்டியால் குத்தித் தோழனுக்குக் கொடுக்கலாம். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்தைப் போல் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் பந்து போனால் கோல். அதற்கு மூன்று புள்ளி. கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. 40 மீட்டர் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. இது மட்டும் 2025-இல் வந்த புது ஏற்பாடு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடிக்கு மேல் ஓடக்கூடாது. ஓட வேண்டுமானால் பந்தை ஒரு தரம் தரையில் தட்ட வேண்டும், அல்லது பாதத்தில் தட்டிக் கைக்கு வரவழைக்க வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது அல்லவா? ஆனால் முழு வேகத்தில் ஓடுகிறவன் நான்கு அடி வைத்தானா, ஐந்து அடி வைத்தானா என்று இருபது கஜம் பின்னால் ஓடி வருகிற மனிதர் எண்ணிச் சொல்ல வேண்டும். அது போகட்டும். எதிரி மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும் பந்தை எப்படிப் பிடுங்குவது? வில்லங்கமே இங்கேதான் இருக்கிறது. ஆளைப் பிடிக்கக்கூடாது, இழுக்கக்கூடாது, தள்ளக்கூடாது, காலை இடறக்கூடாது. விரித்த கையால் பந்தைத் தட்டலாம். தோளுக்குத் தோள் மோதலாம். நியாயமான மோதலுக்கும் அநியாயமான இடிக்கும் நடுவே உள்ள கோடு தலைமயிர் கனம்கூட இல்லை. நாலு பேர் ஒருவனைச் சூழ்ந்துகொண்டு பந்தைத் தட்டும்போது, அவர்கள் பேரில் குற்றம் என்றும் ஊதலாம், பந்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்தான் என்று அவன் பேரிலேயும் ஊதலாம். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு! எப்படி ஊதினாலும் மைதானத்தில் பாதிப் பேருக்கு நடுவர் குருடர்தான்.

ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டு கையை விரிப்பதையும், வானத்தைப் பார்த்து முறையிடுவதையும் பார்த்தபோது, ஊதியது ஊதியதுதானே, அதைத் திருப்பி எடுக்கவா போகிறார் என்று எனக்குத் தோன்றியது. அந்த முறையீடு நடந்து போன தீர்ப்புக்காக அல்ல என்பது பிறகுதான் விளங்கிற்று. அது அடுத்த தீர்ப்புக்கு இப்போதே கொடுக்கிற அச்சாரம். கறிகாய்க்காரியிடம் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசித் தோற்றவள், "கொத்தமல்லியாவது சும்மா போடு" என்று கேட்கிறாள் பாருங்கள், அந்த வித்தைதான்.

அயர்லாந்துக்காரர்களின் சுபாவமே இப்படி என்று சொல்லவும் வழியில்லை. அதே தேசத்தில் ரக்பி ஆட்டமும் நடக்கிறது. ரக்பியில் கட்சித் தலைவன்தான் நடுவரிடம் வாய் திறப்பான். அதுவும் பள்ளிக்கூடப் பிள்ளை வாத்தியாரிடம் பேசுவது போல் 'ஸார்' போட்டுப் பேசுவான். சனிக்கிழமை ரக்பி மைதானத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனே ஞாயிற்றுக்கிழமை கேலிக் மைதானத்தில் கையை ஓங்கிக்கொண்டு நிற்கலாம். அப்படியானால் கோளாறு மனிதனிடம் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது என்றுதானே ஆகிறது?

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிய, இந்த ஆட்டத்தை நடத்தும் ஸ்தாபனத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1884-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி டிப்பரரி கவுண்டியில் தர்லஸ் என்னும் ஊரில், ஒரு ஹோட்டலில், மைக்கேல் கியூசாக் என்ற உபாத்தியாயரும் இன்னும் சிலரும் கூடிக் கேலிக் அத்லெடிக் அஸோஸியேஷனை ஆரம்பித்தார்கள். ஊருக்கு ஊர், மாதா கோயிலுக்கு மாதா கோயில், அதற்கு ஒரு சங்கம் இருக்கிறது. டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் உட்காரலாம். அத்தனை பேர் காசு கொடுத்துப் பார்க்கும் இறுதியாட்டத்திலும் ஆடுகிறவனுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேசமே தலைமேல் தூக்கி வைத்துக் கூத்தாடிய வீரன், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான், அல்லது மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பான்.

நடுவரும் அப்படியே. போக்குவரத்துச் செலவு கிடைக்கும், சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கிடைக்கும். இரண்டு கோல் முனைகளிலும் வெள்ளைக் கோட்டு அணிந்து, கோலுக்குப் பச்சைக் கொடியும் புள்ளிக்கு வெள்ளைக் கொடியும் அசைக்கிற நான்கு பேர் நிற்கிறார்களே, அவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் நடுவரே கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அண்ணன் தம்பி, மைத்துனன், சங்கத்துச் சிநேகிதர்கள். போகும்போது ஒரே காரில் சிரித்துக்கொண்டு போவார்கள். திரும்பும்போது எப்படித் திரும்புவார்கள் என்பது அன்றைய ஆட்டத்தைப் பொறுத்தது.

ஆக, எங்கிருந்தோ அனுப்பப்பட்ட அதிகாரி அல்ல அவர். பக்கத்து ஊர்த் தபால்காரராக இருப்பார். பலசரக்குக் கடைக்காரராக இருப்பார். அவருடைய அப்பா ஆடியதைப் பார்த்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். எனக்குத் தெரிந்தவரை மரியாதைக் குறைவுக்கு மூல காரணம் விரோதம் அல்ல, இந்த அந்நியோன்னியம்தான். கலெக்டரிடம் அடக்கமாக இருக்கிறவர் கட்டின மனைவியிடம் சீறுவதை நாம் பார்த்ததில்லையா?

விளைவு சில சமயம் வேடிக்கையாக இருந்திருக்கிறது. 1995-ஆம் வருஷம் செப்டம்பரில் டப்ளினும் டைரோனும் ஆடிய இறுதியாட்டம். டப்ளின் ஆட்டக்காரர் சார்லி ரெட்மண்டை நடுவர் பாடி ரஸ்ஸல் வெளியே போகச் சொன்னார். அட்டை காட்டும் வழக்கம் அப்போது இந்த ஆட்டத்தில் இல்லை, வாயால் சொல்லுவதுதான். ரெட்மண்ட் போகவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, அவரும் ஆடிக்கொண்டிருந்தார்! இரண்டொரு நிமிஷம் கழித்து நடுவர் அவரைப் பார்த்துவிட்டு, இரண்டாம் தரம் வெளியே அனுப்பினார். கடைசியில் டைரோன் சமன் செய்துவிட்டது என்று எல்லோரும் குதித்தபோது, பந்து தரையில் இருக்கையில் கையால் தொட்டார்கள் என்று அந்தப் புள்ளியையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டப்ளின் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. அன்று ராத்திரி டைரோன் கவுண்டியில் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமோ!

எப்போதும் வேடிக்கையோடு நிற்பதில்லை. 2010-ஆம் வருஷம் ஜூலை 11-ஆம் தேதி லவுத் என்ற சின்னஞ்சிறு கவுண்டி லென்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் மீத் கவுண்டியோடு மோதிற்று. லவுத் அந்தக் கோப்பையைக் கடைசியாக ஜெயித்தது 1957-இல். அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த சந்தர்ப்பம். நேரம் முடிந்து, சில்லறை நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருந்தன. லவுத் ஒரு புள்ளி முன்னால் இருந்தது. அந்த நேரத்தில் கோல் வாயிலில் ஒரு குழப்பம். மீத் ஆட்டக்காரர் ஒருவர் பந்தோடு கோட்டுக்குள் விழுந்தார். அது கோல் ஆகாது என்பது டெலிவிஷனில் குழந்தைக்கும் தெரிந்தது. நடுவர் கோல் என்று தீர்ப்பளித்தார். ஆட்டம் முடிந்தது.

கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. நடுவரைப் பிடித்துத் தள்ளினார்கள், அடிக்கவும் வந்தார்கள். போலீஸார் காப்பாற்றி அழைத்துக்கொண்டு போனார்கள். நடுவர் பிற்பாடு தம் பிழையை ஒப்புக்கொண்டார். ஆனால் தீர்ப்பு தீர்ப்புதான். மறு ஆட்டம் போட ஸ்தாபனத்தின் சட்டத்தில் இடமில்லை. மீத் தானாக முன்வந்து ஆடியிருக்கலாம், முன்வரவில்லை. லவுத் மக்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. 53 வருஷம் காத்திருந்தவர்கள் அல்லவா? ஆனால் ஓட்டமும் நடையுமாகத் தனியாக நின்ற ஒரு மனிதரைப் பல பேர் துரத்தியதை எந்த வயிற்றெரிச்சலும் நியாயப்படுத்தாது. (லவுத் 2025 மே மாதத்தில் அதே மீத்தைத் தோற்கடித்து, 68 வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோப்பையைக் கொண்டுபோயிற்று. நான் போயிருந்தபோதும் அந்தக் கவுண்டியில் சிவப்புக் கொடிகள் இறங்கவில்லை என்று சொன்னார்கள்.)

2022 ஆகஸ்டில் நடந்தது இதைவிட மோசம். ரோஸ்காமன் கவுண்டியில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் ஆடிய ஆட்டத்தில் நடுவர் தாக்கப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. சிறுவர் ஆட்டத்தில்! மறு வாரம் அந்தக் கவுண்டியின் மற்ற நடுவர்கள் ஊதலைக் கையில் எடுக்க மறுத்துவிட்டார்கள். ஆட்டங்களை ஒத்திப் போட வேண்டியதாயிற்று. மைதானம் இருந்தது, பந்து இருந்தது, ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். யாரை எல்லோரும் வேண்டாத ஆசாமி என்று ஏசிக்கொண்டிருந்தார்களோ, அவர் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த அக்டோபரில் நடுவருக்கு மரியாதை செய்யும் நாள் என்று ஒன்று வைத்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் நாள் வைத்து மரியாதை செய்தால், மற்ற நாட்களுக்கு என்ன வழி? சட்டம் இல்லாமலும் இல்லை. 2014-இலேயே கறுப்பு அட்டை என்று ஒன்று கொண்டுவந்து, நடுவரிடம் ஆத்திரமாக வாதாடுகிறவனை வெளியேற்றலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள். தண்டனை பெரிதாக இருந்ததே அதன் குறை. ஒரு முணுமுணுப்புக்காக ஓர் ஆளையே வெளியேற்ற எந்த நடுவருக்கு மனம் வரும்? காது கேளாதவர் போல் இருந்துவிட்டார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டவர் ஜிம் கேவின். டப்ளின் கட்சியை ஆறு தடவை அகில அயர்லாந்து வெற்றிக்கு அழைத்துச் சென்ற பயிற்சியாளர். 2024-இல் அவர் தலைமையில் ஒரு கமிட்டி உட்கார்ந்து ஆட்டத்தையே அலசிப் புதுச் சட்டங்கள் எழுதிற்று. 2025-இல் பரீட்சை பார்த்தார்கள்; அந்த வருஷம் அக்டோபரில் நிரந்தரமாக்கினார்கள். இனிமேல் நடுவரிடம் பேசும் உரிமை கட்சித் தலைவன் ஒருவனுக்கே. நடுவர் ஊதியதும், கையில் பந்து வைத்திருப்பவன் அதை எதிர்க் கட்சிக்காரனிடம் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், அல்லது கீழே வைக்க வேண்டும். எறிந்தாலோ, எடுத்துக்கொண்டு நடந்தாலோ, நடுவரிடம் முறைத்தாலோ, எதிரியின் இலவச உதை 50 மீட்டர் முன்னால் கொண்டுபோய் வைக்கப்படும். ஆஸ்திரேலியாவில் ஆடுகிற கால்பந்திலும் இப்படி ஒரு 50 மீட்டர் தண்டனை உண்டு.

50 மீட்டர் என்றால், நடு மைதானத்தில் தவித்துக்கொண்டிருந்த எதிரி, ஒருவன் வாய்க்கொழுப்பினால் புள்ளி போடும் தூரத்துக்கு வந்துவிடுகிறான். திட்டினவனை இனி நடுவர் தண்டிக்க வேண்டியதில்லை. அவனுடைய சொந்தக் கட்சிக்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்!

நான் டெலிவிஷனில் பார்த்த ஆட்டங்களில் இந்த அதிசயம் நடந்தது. ஆறடி உயர ஆசாமி, முகமெல்லாம் ரத்தச் சிவப்பு, பற்களைக் கடித்துக்கொண்டிருக்கிறான். ஊதல் ஊதியவுடன், சுமங்கலிக்குத் தாம்பூலம் கொடுப்பது போல் இரண்டு கையாலும் பந்தை எதிரியிடம் நீட்டினான்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"இது மரியாதையா, பயமா?" என்று என் சித்தி பெண்ணைக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரியில் நோயாளி மருந்தை மரியாதைக்காகக் குடித்தாரா, நர்ஸுக்குப் பயந்து குடித்தாரா என்று நாங்கள் கேட்பதில்லை, அக்கா. உள்ளே போயிற்றா என்றுதான் பார்ப்போம்" என்றாள்.

அவள் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. பயத்தால் வந்த அடக்கம், பயம் இல்லாத இடத்தில் காணாமல் போய்விடும். 50 மீட்டர் தண்டனை ஆடுகிறவனைக் கட்டும்; கோட்டுக்கு வெளியே குடையோடு நின்று கத்துகிற தகப்பனாரை அது என்ன செய்யும்? ஆனாலும் நடுவரின் இடத்தில் நின்று யோசித்தால், உள்ளன்போடு வாயை மூடினால் என்ன, கணக்குப் பார்த்து மூடினால் என்ன? காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்தக் காதுகளில் ஒரு ஜோடி, பெண்ணின் காது என்பதையும் சொல்ல வேண்டும். கேவன் கவுண்டியைச் சேர்ந்த மேகி ஃபாரெலி 2021-இல் தம் கவுண்டியின் ஆண்கள் சீனியர் இறுதியாட்டத்துக்கு நடுவராக இருந்தார். அதற்கு முன் எந்தக் கவுண்டியிலும் ஒரு பெண் அந்த இடத்தில் நின்றதில்லை. 2022-இல் தேசிய லீகிலும் ஆண்களின் ஆட்டத்தை நடத்தினார். முப்பது ஆண் பிள்ளைகளை ஓர் ஊதலால் மேய்ப்பது அவருக்கு மலைப்பாக இருந்ததோ என்னவோ! பெரிய குடும்பத்தில் ஒரு தீபாவளியைச் சமாளித்த நம் பெண்மணிகளுக்கு அது மலைப்பாகத் தோன்றாது.

ஊர் திரும்புவதற்கு முன் பையனின் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். ஜூலை மாதம், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகாத சாயங்காலம். சிறு பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் பல சமயம் உள்ளூர்ச் சங்கமே நடுவரைத் தந்துவிடும். அன்று வந்தவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர், கொஞ்சம் தொந்தி, முதல் பாதியிலேயே அவருக்கு இரைத்தது. பிள்ளைகள் அவரிடம் வெகு ஒழுங்காக இருந்தார்கள். டெலிவிஷனில் பார்த்ததைப் போலவே பந்தைக் கையில் கொடுத்தார்கள். கத்தினதெல்லாம் பெரியவர்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், நாலு அடிக்கு மேல் ஓடினான், ஐந்து ஓடினான், ஆறு ஓடினான் என்று ஏலம் போடுவது போல் கூவிக்கொண்டே இருந்தாள். அவருடைய கண்ணைப் பற்றியும், கண்ணாடியைப் பற்றியும், அவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதன் நன்மையைப் பற்றியும் அவள் சொன்னவை மைதானம் முழுவதும் கேட்டன. அவருக்கும் கேட்டிருக்கும். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் பையன் கட்சி இரண்டு புள்ளியில் தோற்றது. பிள்ளைகள் வரிசையாக வந்து நடுவரின் கையைக் குலுக்கிவிட்டுப் பிஸ்கட் பெட்டியை நோக்கி ஓடினார்கள். அந்த அம்மாள் ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினாள். நாலாவது கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே நடுவரிடம் போய் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, "அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தார். அவளும் முழங்கால் விவரங்களை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். எங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.